‘பைக் என்ன செஞ்சிச்சு தம்பி?’ என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை

தியத்தலாவையில் ஒரு மண்தட பைக் போட்டிக்குப் போய்வந்த கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து தியத்தலாவைக்குப் பட்டா என்ற சின்ன லொறி போய்வர 85,000 ரூபா. பதிவுக் கட்டணம் 10,000. அங்கே வைத்து வாங்கிய பின் ரயர் 28,000. ஜெற், பிளக், ஸ்புரொக்கட் (செயின் ஓடும் பற்சக்கரம்) என்று சில்லறைச் சாமான்கள் 6,000. இரண்டு இரவு தங்கியதும் சாப்பாடும் 9,000. திரும்பி வந்து எஞ்சினைக் கழற்றி, சிலிண்டரை போர் பண்ணி (உட்புறத்தைக் கடைந்து), பிஸ்டன் மாற்ற 48,000. மொத்தம் 186,000 ரூபா. சுன்னாகத்தில் ஒரு ஹார்ட்வெயர் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். ஆறேழு மாதம் சேர்த்த காசு அது. இவ்வளவையும் கொட்டி நான் போட்டியில் ஓடியது முழுதாக மூன்று சுற்றுக்கூட இல்லை.

காசு போனதைவிட வேறொன்றுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. விஷயம் தெரிந்த ஆட்கள் அங்கே இல்லாமல் இல்லை. இருபது முப்பது வருடம் பைக்கோடு வாழ்ந்தவர்கள் பத்தடி தூரத்தில் நின்றார்கள். நானும் போய்க் கேட்டேன், அவர்களும் மனதாரச் சொன்னார்கள். அப்படியிருந்தும் எஞ்சின் போனது. எப்படிக் கேட்க வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. வடக்கிலிருந்து அடுத்ததாகப் போகப்போகும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன்.

பைக் வந்த கதை சுருக்கமானது. 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், கொழும்பில் ஒருவர் தன் ஹொண்டா எக்ஸ்ஆர் 250ஐ மலிவாக விற்றார். அமுங்கிய பிறகு எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்று மாற்றும் ரீபவுண்ட் திருகு உள்ள பின் சொக் (அதிர்வு தாங்கி) ஒன்றை அவரே போட்டிருந்தார். வல்லை வெளிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவரின் வெறுங்காணியில் மண் குவித்து இரண்டு மேடு கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஓடிப் பழகினேன். யாழ்ப்பாணத்தில் பைக்கில் பித்துப் பிடித்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் மண்தடப் போட்டிக்குப் போய்வந்த ஒருவரை நான் தேடியும் காணவில்லை. தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் போட்டியையும் அநுராதபுரம் சாலியபுரத்தில் நடக்கும் கஜபா போட்டியையும் போனில் பார்த்துப் பார்த்துத்தான் ஆசை வளர்ந்தது. இரண்டும் இராணுவ வளாகங்களில் உள்ள தடங்கள். அம்மாவுக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. ஏன் என்று எங்களுடைய ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. “விழுந்து எழும்புறதுக்கு அவ்வளவு தூரம் போகவேணுமோ தம்பி?” என்று மட்டும் கேட்டார். நான் போனேன்.

ஏ9 வீதியில் கண்டி வரை 321 கிலோமீற்றர். அதற்கு மேல் நுவரெலியா, வெலிமடை என்று மலை ஏற வேண்டும். இரவு முழுக்க ஓடி விடியும்போது போய்ச் சேர்ந்தோம். குளிர் எலும்புக்குள் இறங்கியது. பைக்கை இறக்கி ஸ்டார்ட் செய்ததும் சத்தமே மாறியிருந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கடல் மட்டத்திலிருந்து பத்து மீற்றர் உயரத்தில் இருக்கிறோம். தியத்தலாவை 1,200 மீற்றருக்கும் மேலே. அங்கே காற்றின் அடர்த்தி நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வீதம் குறைவு. காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர் உள்ள பைக்குக்கு அது தெரியாது. கடற்கரையில் எடுத்த கணக்கிலேயே பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். காற்றுக் குறைய, பெற்றோல் கூடிப்போகும். இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பைக் ஏதோ மாதிரி இருக்கிறது என்பது மட்டும்தான்.

முதல் பயிற்சி ஓட்டத்தில் இரண்டு பிரச்சினை. வளைவு முடிந்து எக்ஸ்லேற்றரைத் திறந்தால் உடனே எடுக்காமல், ஒரு கணம் அமுங்கி, பொத் பொத்தென்று அடித்து, பிறகுதான் இழுத்தது. இறக்கத்தில் பிறேக் பிடிக்கும் இடத்தில் பின்பக்கம் உதைத்து என்னை முன்னால் தள்ளியது. இந்த இரண்டையும் இப்போது நான் எழுதியதுபோல அன்று யாரிடமாவது சொல்லியிருந்தால்கூடப் பாதி வேலை முடிந்திருக்கும். நான் சொன்னது இவ்வளவுதான்: “பைக் இழுக்குதில்லை, சொக்கும் சரியில்லை.” பதற்றத்தில் ஐந்து பேரிடம் இதையே சொன்னேன்.

பக்கத்தில் நின்ற அணியின் மெக்கானிக், மலை உயரம்தான் காரணம், மெயின் ஜெற்றை (காபரேற்றரில் பெற்றோல் வரும் துளையுள்ள சிறு பாகத்தை) சின்னதாக்கு என்றார். என்னிடம் இருந்தது 130ஆம் இலக்கம். அவரிடம் இருந்த 120ஐத் தந்தார். நல்ல வேகமாக ஓடும் ஒரு பையன், ஏர் பில்டர் இருக்கும் ஏர் பொக்ஸின் மூடியைக் கழற்றிவிடு, நானும் அப்படித்தான் ஓடுகிறேன் என்றான். சாமான் விற்க வந்திருந்த ஒருவர் என் பின் ரயரைத் தடவிப் பார்த்து, இந்த ரயரோடு இழுவை எப்படி வரும் என்றார். அங்கேதான் 28,000 போனது. நான்காமவர் பின் ஸ்புரொக்கட்டில் இரண்டு பல் கூட்டச் சொன்னார். ஐந்தாமவர் தானே குனிந்து சொக்கின் ஸ்பிரிங்கை இறுக்கும் பிரீலோட் வளையத்தை மூன்று சுற்று இறுக்கி, ரீபவுண்ட் திருகை உள்ளே முட்ட முறுக்கிவிட்டுப் போனார். முன்பு அது எத்தனை கிளிக்கில் இருந்தது என்று அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

இரண்டு பயிற்சி ஓட்டங்களுக்கு இடையில் ஒன்றரை மணித்தியாலம். அதற்குள் ஐந்தையும் செய்து முடித்தேன். கை நடுங்க நடுங்கச் செய்தேன். யாராவது ஒருவர் சொன்னதைச் செய்யாமல் விட்டால் அதுதான் சரியானதாக இருந்துவிடுமோ என்ற பயம். அடுத்த ஓட்டத்தில் வளைவில் அமுங்குவது கொஞ்சம் குறைந்திருந்தது. பெரிய சந்தோஷம். எதனால் குறைந்தது என்று யோசிக்கவே இல்லை.

பல மாதம் யோசித்த பிறகு ஒன்று புரிந்தது. அந்த ஐந்து பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. ரயர் விற்றவரைக்கூட நான் குறை சொல்லமாட்டேன், என் ரயர் தேய்ந்துதான் இருந்தது. நான் ஒன்றுமே சொல்லாததால், ஒவ்வொருவரும் தாங்கள் முன்பு பார்த்த வேறு ஏதோ ஒரு பைக்குக்கு வைத்தியம் சொன்னார்கள். அந்தப் பையன் மூடியைக் கழற்றி ஓடியது உண்மை. ஆனால் அதற்கேற்ற பெரிய ஜெற் அவனுடைய காபரேற்றரில் இருந்தது. மூடியைக் கழற்றினால் காற்றுக் கூடும். என் பைக்கிலோ, ஏற்கெனவே பெற்றோலைத் தேவைக்கு மேல் குறைத்தாயிற்று. தனித்தனியாக ஒவ்வொரு ஆலோசனையும் ஓரளவு சரி. சின்ன ஜெற்றும் கழற்றிய மூடியும் ஒன்று சேர்ந்தபோது எஞ்சினுக்கு எமனாகிவிட்டது.

சனிக்கிழமை என் ஹீற், அதாவது முதற்கட்ட ஓட்டம். மூன்றாவது சுற்றில் நீண்ட ஏற்றத்தில் எக்ஸ்லேற்றர் முழுக்கத் திறந்திருக்கும்போது எஞ்சினில் கிணுகிணு என்று ஒரு உலோகச் சத்தம். தகர டப்பாவுக்குள் ஆணி போட்டுக் குலுக்குவது போல. ஹெல்மெற்றுக்குள் அது கேட்டது, நான் சட்டை செய்யவில்லை. முன்னால் ஒருவன்தான், பிடித்துவிடலாம் என்றே மனம் ஓடியது. திடீரென்று பலம் விழுந்தது, பின் சக்கரம் ஒரு கணம் இறுகி இழுபட்டது. இடக்கை விரல் கிளச்சின் மேல் இருந்தபடியால் அழுத்திவிட்டேன், விழவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் உடனே எக்ஸ்லேற்றரை விடுங்கள். அந்தச் சுற்றை விட்டுக்கொடுங்கள். இரண்டு விரல் எப்போதும் கிளச்சில் இருக்கட்டும். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்தால் உங்களிடம் இருப்பது அரைச் செக்கன்தான்.

பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து பட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மண்ணில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வீட்டுக்கு என்ன சொல்வது என்பதை நினைத்தால் நெஞ்சை அடைத்தது. அப்போதுதான் பதுளைப் பக்கத்து மூத்த மெக்கானிக் ஒருவர் வந்தார். தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர், இப்போது சின்னதாகக் கராச் வைத்திருக்கிறார். தமிழ்ச் சத்தம் கேட்டு வந்தாராம். பிளேன் ரீ ஒன்றைக் கையில் தந்துவிட்டுக் கேட்டார்:

“பைக் என்ன செஞ்சிச்சு தம்பி?”

“இழுவை காணாது ஐயா. காபரேற்றர் பிழையெண்டு நினைக்கிறன்.”

“காபரேட்டர் பிழைன்னா அது நீங்க முடிவு பண்ணின விஷயம். நான் அதக் கேக்கல. பைக் என்ன செஞ்சிச்சு? எந்த எடத்துல? எத்தனாவது கியர்ல? எக்ஸ்லேட்டர் எவ்வளவு தொறந்திருந்திச்சு? மொதச் சுத்துலயேவா, சூடான பொறகா?”

ஐந்து கேள்வியில் எனக்கு ஒன்றுக்குத்தான் பதில் தெரிந்தது: முதற் சுற்றிலேயே. மற்றவற்றுக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். பயிற்சி ஓட்டத்தில் பைக் எப்படி நடந்துகொண்டது என்று கவனிக்கும் பழக்கமே எனக்கு இருக்கவில்லை. எவ்வளவு வேகமாகப் போகிறேன் என்பதில்தான் மனம் முழுக்க இருந்தது.

அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளையாக, சிறு புள்ளிகளோடு இருந்தது. ஏர் பொக்ஸைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து, படம் போட்டு விளக்கினார். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. எக்ஸ்லேற்றர் கால்வாசிக்குள் இருக்கும்போது பேச்சு பைலட் ஜெற்றுடையது. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை பெற்றோலை மட்டுப்படுத்தும் ஊசியான நீடிலும், அதை ஏற்றி இறக்கி வைக்கும் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பதும். அதற்கு மேலேதான் மெயின் ஜெற்றின் ஆட்சி. எல்லைகள் ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் கலந்திருக்கும், ஆனாலும் எங்கே தேடவேண்டும் என்று இது காட்டிவிடும். நான் திணறியது வளைவை விட்டு வெளியே வரும்போது, அதாவது எக்ஸ்லேற்றர் மூன்றில் ஒரு பங்கு திறந்திருக்கும் நிலையில். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே போட்டு நீடிலை ஒரு படி இறக்கி, மெயின் ஜெற்றை 130இலிருந்து 125க்கு மாற்றியிருந்தால் போதுமாக இருந்திருக்கும் என்றார். செலவு ஒரு ஜெற்றின் விலை. நான் 120 போட்டு, மூடியையும் கழற்றி, எஞ்சினைப் பட்டினி போட்டு, அந்த ஏற்றத்தில் முழுப் பலத்தில் ஓடினேன். மூடியில்லாத ஏர் பொக்ஸுக்குள் அத்தனை தூசியும் போயிருந்தது.

எக்ஸ்லேற்றர் எவ்வளவு திறந்திருந்தது என்று ஓடும்போது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கைப்பிடி ரப்பரில் ஒரு கோடும், பக்கத்தில் அசையாமல் இருக்கும் பாகத்தில் வெள்ளை ரேப்பில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று ஐந்து கோடும் போடச் சொன்னார். இரண்டு ரூபா வேலை. கொஞ்ச நாள் பார்த்து ஓடினால், பிறகு பார்க்காமலேயே மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். பிளக்கைக் காட்டி யோசனை கேட்பதாக இருந்தாலும் அதற்கொரு முறை உண்டு. சந்தேகப்படும் நிலையில் கொஞ்சத் தூரம் ஓடி, கிளச்சை அழுத்திய அதே கணத்தில் எஞ்சினை நிறுத்தி, உருட்டிக்கொண்டு வந்து கழற்ற வேண்டும். பைக்கை மெதுவாக ஓட்டி வந்து, ஐடிலில் விட்டு, பிறகு கழற்றிக் காட்டினால் அந்தப் பிளக் ஐடிலில் நடந்ததைத்தான் சொல்லும். காட்டுகிறவரும் ஏமாறுவார், பார்க்கிறவரும் ஏமாறுவார்.

பின்பக்கம் உதைத்ததற்கு அவர் எந்தத் திருகையும் தொடவில்லை. ரேப் மெஷர் இருக்கிறதா என்று கேட்டார். ஹார்ட்வெயர் கடையில் வேலை செய்கிறவனிடம் அன்று அது இருக்கவில்லை. அவருடையதை எடுத்து, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து மட்காட்டில் ஒரு புள்ளி வரை அளந்தார். பிறகு நான் முழு உடுப்போடு ஏறி நிற்கும் நிலையில் பைக்கை நிமிர்த்திப் பிடிக்க ஒருவரை அழைத்து, மறுபடி அளந்தார். வித்தியாசம் 70 மில்லிமீற்றர். மண்தட பைக்குகளில் பலரும் தொடங்கும் அளவு 100 மில்லிமீற்றர், சொக்கின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. நான் 58 கிலோ. முன்பு வைத்திருந்தவர் என்னைவிட நல்ல பாரமானவர், ஸ்பிரிங்கும் அவருக்கேற்றது. அதை மேலும் மூன்று சுற்று இறுக்கியதால் பின்பக்கம் உயர்ந்து, உதை கூடத்தான் செய்தது. ரீபவுண்டை முழுக்க மூடியதால் அடுத்தடுத்து வரும் குழிகளில் சக்கரம் திரும்ப இறங்க நேரம் கிடைக்காமல், சொக் அமுங்கியபடியே இறுகிப் போனது. இந்த அளவை எடுக்க மூன்று பேர் வேண்டும்: ஏறி நிற்க ஒருவர், பிடிக்க ஒருவர், அளக்க ஒருவர். தனியாக இருப்பவர்கள் ஊரிலேயே தம்பியையோ நண்பனையோ கூட்டி வைத்து இதைச் செய்து எழுதிக்கொண்டு போங்கள். தடத்தோரத்தில் எந்த சொக் நிபுணரும் முதலில் கேட்கும் இலக்கம் இதுதான். இது இல்லாமல் அவரிடம் போனால் அவருடைய பத்து நிமிடம் அளப்பதிலேயே போய்விடும், அந்தப் பத்து நிமிடம் போட்டி நாளில் அவருக்கு இருக்காது.

ரயர் காற்றும் அப்படித்தான். எத்தனை பிஎஸ்ஐ என்று கேட்டார், பெற்றோல் செட்டில் அடித்த 25 என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. மண்தடத்தில் 12இலிருந்து 15 வரைதான் ஓடுவார்கள். அந்தக் காற்றோடு புது ரயர் போட்டாலும் பழைய ரயர் போட்டாலும் மண்ணைக் கவ்வாது. 28,000 ரூபாவுக்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டியது வால்வை அழுத்திக் காற்றை இறக்குவது. சொந்தமாக ஒரு காற்று அளவி வாங்குங்கள். ஒவ்வோர் அளவியும் ஒவ்வொரு விதமாகக் காட்டும், எப்போதும் ஒரே அளவியால் அளந்தால்தான் நேற்றைய இலக்கத்தையும் இன்றைய இலக்கத்தையும் ஒப்பிடலாம்.

யாரிடம் கேட்பது என்பதில் நான் இப்போது பார்ப்பது ஒரே ஒரு விஷயம்: அவர் பதில் சொல்வதற்கு முன் என்னிடம் எத்தனை கேள்வி கேட்கிறார். கேள்வி கேட்காமல் பதில் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், நன்றி சொல்லிவிட்டு அந்தப் பதிலைக் கொப்பியில் எழுதி வைப்பேன், அன்று செய்யமாட்டேன். வேகமாக ஓடுகிறவர் நல்ல ஆலோசகராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தடத்தில் எந்தக் கோட்டில் போவது, எங்கே பிறேக் பிடிப்பது என்று அவரிடம் கேளுங்கள், தங்கமான பதில் கிடைக்கும். பைக்கின் உள் விஷயத்தை அந்த பைக்கில் கைவைக்கும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதே ரக பைக் வைத்திருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. சாமான் விற்பவரிடமும் தாராளமாகக் கேட்கலாம், அவர் நூறு பைக் பார்த்தவர். ஆனால் வாங்காமல் சரிசெய்ய வழி உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள். நல்ல வியாபாரி உண்மையைச் சொல்வார்.

நேரமும் முக்கியம். தன் ஓட்டக்காரர் தடத்தில் இருக்கும்போதோ, அவர் உள்ளே வந்து இறங்கிய கணத்திலோ ஒரு மெக்கானிக்கிடம் போய் நிற்காதீர்கள். நான் அதைச் செய்தேன், அதனால்தான் அவசரப் பதில்கள் கிடைத்தன. வெள்ளிக்கிழமை பின்னேரம், எல்லாரும் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கும் நேரம் போங்கள். ஒரு கை பிடித்துக் கொடுங்கள். கேள்வி தானாக வரும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களில் பலருக்குச் சிங்களம் தடுமாறும், நானும் அப்படித்தான். பாகங்களின் பெயர் எல்லாருக்கும் ஒன்றுதான்: ஜெற், பிளக், சொக், கிளச். சிக்கல் வினைச்சொற்களில். அமுங்குது, திணறுது, உதைக்குது, வழுக்குது, அலையுது, இவற்றுக்குச் சிங்களத்தில் என்ன என்று போவதற்கு முன் தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பத்துச் சொல் போதும். நான் பிறகு கற்றுக்கொண்டேன். அதற்கு முன் கையால் காட்டியே பேசினேன், அதுவும் ஓரளவு உதவியது. மொழி தெரியவில்லை என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். நான் பார்த்த சிங்கள மெக்கானிக்மார் எவரும் அதற்காக என்னைத் தள்ளிவிடவில்லை.

உலகப் போட்டிகளில் எல்லாவற்றையும் சென்சரும் கம்பியூட்டரும் பார்த்துக்கொள்ளும் என்று நான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது, அங்கும் ஓட்டக்காரரின் வாய்ச்சொல்லுக்காக மெக்கானிக் காத்திருக்கிறார். 2004இல் வலண்டினோ ரொஸி ஹொண்டாவை விட்டு யமஹாவுக்குப் போனபோது, தன் தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜஸையும் கூட அழைத்துப் போனார். அந்த வருட முதற் போட்டியிலேயே, தென்னாபிரிக்காவின் வெல்கொமில், புது பைக்கில் வென்றார். ஒருவர் சொல்வதை மற்றவர் சரியாக விளங்கிக்கொள்வதற்கு அவர்கள் அவ்வளவு மதிப்பு வைத்திருந்தார்கள். எங்களிடம் சென்சரும் இல்லை. அந்த வாய்ச்சொல்லையும் ஒழுங்காகக் கொடுக்காவிட்டால் எதிரில் நிற்கும் மனிதர் எதை வைத்து உதவுவார்?

ஊருக்கு வந்து எஞ்சினைப் பிரித்தபோது பிஸ்டனில் நீளநீளமாகக் கீறல். சிலிண்டரை போர் பண்ணக் கொடுத்து, வேலை முடிய இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு கொப்பி போட்டேன். கடையில் ஒரு கிலோ ஆணி போனாலும் எழுதுகிற எனக்கு, பைக்குக்குக் கணக்கு வைக்கத் தோன்றாதது இப்போது நினைத்தாலும் கவலையாக இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு பக்கம். மேலே திகதி, இடம், உயரம், வெயிலா மழையா. அடுத்து ரயர் காற்று முன் பின், ஜெற் இலக்கங்கள், கிளிப் எந்தப் பள்ளம், சொக் எத்தனை கிளிக், ஸ்புரொக்கட் பற்களின் எண்ணிக்கை. கீழே தடத்தின் படம், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பைக் ஏதாவது செய்த இடத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் என்ன செய்தது என்று ஒரு வரி. பைக்கை விட்டு இறங்கி ஹெல்மெற் கழற்றியதும், யாரோடும் பேசுவதற்கு முன் இதை எழுத வேண்டும். பேசத் தொடங்கினால் மற்றவர்கள் சொன்னதும் நீங்கள் உணர்ந்ததும் கலந்துவிடும். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். மாற்றியது நல்லதா கெட்டதா, தெரியவில்லையா என்று ஒரு சொல். கெட்டது என்றால் பழைய இலக்கத்துக்குத் திரும்பலாம், அது எழுதியிருக்கிறதே.

அடுத்த வருடம் சாலியபுரத்துக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர், பட்டா 40,000 ரூபா. அங்கே உயரப் பிரச்சினை இல்லை, ஊரில் ஓடிய 130 ஜெற் அப்படியே பொருந்தியது. ஆனால் தூசியும் வெயிலும் கொடுமை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் கழுவி எண்ணெய் போட்ட ஏர் பில்டர் ஒன்று மாற்றுக்கு வேண்டும், இரண்டு கொண்டுபோனேன், மூன்று இருந்திருக்கலாம். பயிற்சியில் தட்டையான வளைவுகளில் முன் சக்கரம் வெளியே வழுக்கியது. கொப்பியோடு ஒரே ஒருவரிடம் போனேன், என்னுடைய ரக பைக்குகள் இரண்டை வைத்திருந்த ஒரு குருநாகல் மெக்கானிக். படத்தைக் காட்டி, இந்த இரண்டு வளைவு, இரண்டாம் கியர், பிறேக்கை விட்ட பிறகு, எக்ஸ்லேற்றரைத் திறப்பதற்கு முன், இரண்டாம் சுற்றிலிருந்து, முன் காற்று 14 என்றேன். அவர் கொப்பியை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு என்னை பைக்கில் ஏறச் சொல்லி, வளைவில் எங்கே உட்காருகிறாய் என்று கேட்டார். உட்கார்ந்து காட்டினேன். சீற்றின் நடுவில் இருந்தேன். பெற்றோல் தாங்கியோடு ஒட்டி முன்னால் உட்கார், அதைச் செய்துவிட்டு வா, அதுவரை ஸ்பனரைத் தொடாதே என்றார். பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. திரும்பப் போய்ச் சொன்ன பிறகுதான், முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் குழாய்களைக் கிளாம்பில் 5 மில்லிமீற்றர் மேலே ஏற்றிவிட்டார். அந்தத் திருத்தத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

செய்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய் முடிவைச் சொல்வதை நான் தியத்தலாவையில் ஒருவரிடமும் செய்யவில்லை. சாலியபுரத்தில் செய்தேன். அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை மறக்கமாட்டேன். பின்னேரம் தானாக வந்து, காபரேற்றர் விஷயத்தில் தன்னைவிடக் கெட்டிக்காரர் என்று இன்னொருவரிடம் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தினார். அன்று 16 பேரில் ஒன்பதாவதாக வந்தேன். பதுளை ஐயாவுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அவர் இடத்தைக் கேட்கவில்லை, “பிளக் என்ன கலர்?” என்றுதான் கேட்டார். மண்ணிறம் என்றேன்.

வருகிற முறையும் போகிறேன். பட்டாவில் இரண்டு பைக் தாராளமாக நிற்கும், இப்போது ஒன்றுதான் போகிறது. வலிகாமத்திலோ வடமராட்சியிலோ தனியாக ஓடிக்கொண்டிருக்கிற யாராவது இருந்தால் வாருங்கள், வாடகை பாதிப்பாதி. அளக்கவும் பிடிக்கவும் ஆளுக்கு ஆள் உதவி. காற்று அளவியும் ரேப் மெஷரும் என்னிடம் இருக்கிறது, ஒரு கொப்பி மட்டும் கொண்டுவாருங்கள்.